தக்காளிக்குச் சொட்டுநீரில் உரம் விடுவது எப்படி?

சொட்டுநீர் போட்ட பிறகும் இரண்டு பட்டம் (சாகுபடிப் பருவம்) உரத்தைக் கையால்தான் வைத்தேன். மேலுரம் வைத்த வாரம் செடி கருகருவென்று தழைக்கும், பத்து நாளில் வெளிறிவிடும். சொட்டு நனைக்கிற இடத்தில்தான் வேர் மண்டிக் கிடக்கும். காய்ந்த மண்ணில் கிடக்கும் உரம் அதற்கு எட்டாது. கரையும் உரத்தை மூன்று நாளுக்கு ஒரு முறை கொஞ்சமாக விட ஆரம்பித்ததும் வளர்ச்சி சீரானது, காய் திரட்சியாக வந்தது, பறிப்பும் கூடுதல் நாள் நீடித்தது. 2004-இல் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் தர்மபுரி, கிருஷ்ணகிரியில் தொடங்கிய துல்லியப் பண்ணையத் திட்டம் காட்டிய வழிதான் இது.

1. மணிச்சத்தில் (பாஸ்பரஸ்) முக்கால் பங்கை சூப்பர் பாஸ்பேட்டாக அடியுரத்திலேயே போட்டுவிடுங்கள். டிஏபி (டை அமோனியம் பாஸ்பேட்) உரத்தைக் கரைத்துச் சொட்டுநீரில் விடாதீர்கள், கசடு நிற்கும்.

2. உரக்கரைசலை உறிஞ்சிச் சொட்டுநீர்க் குழாயில் சேர்க்கும் வென்சுரி என்ற கருவியை வாங்குங்கள். உரத்தொட்டியில் கரைசல் முதலில் கெட்டியாகவும் போகப்போக நீர்த்தும் போகும், எனக்கு அது ஒத்துவரவில்லை. வென்சுரிக்கு அடுத்து டிஸ்க் ஃபில்டர் கட்டாயம்.

3. நட்டு வேர் பிடித்ததும் 19:19:19 (எண்கள் தழை, மணி, சாம்பல் சத்தின் சதவீதம்), பூ எடுக்கும் வரை இடையிடையே 12:61:0, காய் பிடித்தபின் 13:0:45. ஏக்கருக்கு ஒரு தடவைக்கு 3 கிலோ, 50 லிட்டர் தண்ணீரில் கரைக்கிறேன். பூக்கும்போது யூரியாவைக் கூட்டினால் இலைதான் பெருகும், பூ உதிரும்.

4. கால்சியம் நைட்ரேட்டை எதனுடனும் கலக்காதீர்கள். கால்சியம் குறைந்து காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகுவதைப் பார்த்துப் பதறி, நான் அதையும் 12:61-ஐயும் ஒரே டிரம்மில் கரைத்தேன். கரைசல் பால்போல வெளுத்தது. கரைந்துவிட்டது என்று நினைத்துச் சொட்டுநீரில் விட்டுவிட்டேன். அது கால்சியம் பாஸ்பேட், தண்ணீரில் கரையாது. நான்காம் நாள் பார்த்தால் பாதி டிரிப்பரில் சொட்டு இல்லை, வரிசை வரிசையாகச் செடி வாடி நின்றது. மெக்னீசியம் சல்பேட்டுடன் சேர்த்தாலும் இதே கதிதான், அங்கே அடியில் படிவது ஜிப்சம். இப்போது கால்சியத்துக்குத் தனி நாள். புது உரம் எதுவானாலும் நம் போர் தண்ணீரில், விடப்போகும் அதே கெட்டியில் ஒரு பாட்டிலில் கரைத்து ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் 12:61 தனியாகவே கலங்கலாம்.

5. முதலில் வெறும் தண்ணீர், லேட்ரல் (செடி வரிசையில் ஓடும் சொட்டுக்குழாய்) கடைசி வரை சொட்டட்டும். அப்புறம் உரம். கடைசியில் 15, 20 நிமிடம் மறுபடி வெறும் தண்ணீர். இதை விட்டால் குழாயில் உப்பும் பாசியும் படியும்.

பிற்சேர்க்கை: வென்சுரி உறிஞ்சவில்லை என்று பலர் கேட்டிருந்தீர்கள். மெயின் லைன் கேட்வால்வு முழுக்கத் திறந்திருந்தால் உறிஞ்சாது. வென்சுரி அந்த வால்வைச் சுற்றிப் போகும் பக்கக்குழாயில் இருப்பதால், வால்வுக்கு முன்னும் பின்னும் அழுத்தம் வேறுபட வேண்டும், அதனால் உறிஞ்சும் வரை மெல்ல மூடிக்கொண்டே வாருங்கள். அப்படியும் இழுக்காவிட்டால் உறிஞ்சுகுழாய் இணைப்பில் காற்று நுழைகிறதா என்று பாருங்கள். கிளிப் போட்டு இறுக்கினால் சரியாகிவிடும்.