பழைய டீசல் பிக்கப்பை வீட்டிலேயே பராமரிப்பது: வெளிநாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கராஜில் வேலைக்கூலி மணிக்கணக்கில் போடுகிற நாடுகளில், ஆயில், ஃபில்டர், கிரீஸ் வேலைகளை நாமே செய்தால் நல்ல தொகை மிஞ்சும். பெட்ரோல் காரில் இதையெல்லாம் செய்து பழகியவர்களுக்கு டீசல் பிக்கப்பும் கைக்கு வரும். டீசல் போகும் பாதையில் மட்டும் பொறுமை வேண்டும். அங்கே போகிற ஒரு துளி தண்ணீரோ மணல் துகளோ வண்டியின் பாதி விலையைத் தின்றுவிடும்.

வேலையைத் தொடங்குமுன் வாடகை ஒப்பந்தத்தைப் பாருங்கள். வாகன நிறுத்துமிடத்தில் ரிப்பேர் வேலை செய்யக்கூடாது என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். வண்டியின் கையேட்டையும் தேடி எடுங்கள். அளவுகளின் அலகைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கக் கையேடுகளில் ஆயில் குவார்ட்டில் இருக்கும்; ஒரு குவார்ட் 0.946 லிட்டர். போல்ட் இறுக்கும் டார்க் அளவு பவுண்ட்-அடியில் இருந்தால் 1.356-ஆல் பெருக்கினால் நியூட்டன் மீட்டர் வரும். 40 நியூட்டன் மீட்டர் என்று இருப்பதை 40 பவுண்ட்-அடி என்று நினைத்து முறுக்கினால் உண்மையில் 54 நியூட்டன் மீட்டர் ஏறும். என்ஜினின் அடியில் ஆயில் தங்கும் அலுமினியத் தொட்டியில் (ஆயில் சம்ப்) மரை போவது பெரும்பாலும் இப்படித்தான்.

பங்க்கில் கைப்பிடி நிறத்தை நம்ப வேண்டாம். பிரிட்டனில் பச்சை என்றால் பெட்ரோல், கறுப்பு என்றால் டீசல். அமெரிக்காவில் பச்சை பெரும்பாலும் டீசலுக்கு. எழுத்தைப் படித்துவிட்டு அடியுங்கள். தவறிப்போய் பெட்ரோல் விழுந்துவிட்டால் சாவியையே திருப்பாதீர்கள். சாவி போட்டாலே பல வண்டிகளில் டேங்க் பம்ப் ஓட ஆரம்பித்துவிடும். சாயம் கலந்த மலிவு டீசல் விவசாய இயந்திரங்களுக்கானது. சாலையில் ஓடும் வண்டியில் போட்டுப் பிடிபட்டால் அபராதம்.

பிக்கப்பின் அடிப்பகுதி உயரமாக இருப்பதால் ஆயில் மாற்றப் பல வண்டிகளைத் தூக்கவே வேண்டாம், படுத்தபடி உள்ளே போகலாம். தூக்கத்தான் வேண்டும் என்றால் ஜாக்கை மட்டும் நம்பி அடியில் நுழையக்கூடாது. சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, எடை தாங்கும் ஸ்டாண்டில் இறக்கிய பிறகே நுழைய வேண்டும்.

ஆயில் விஷயத்தில் பிசுப்பு எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது பொதுவான தவறு. டப்பாவில் 5W-30 என்று இருந்தால் போதாது. புகைக்குழாயில் டி.பி.எஃப். என்னும் கரித்தூள் வடிகட்டி இருக்கும் வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும், கையேடு ஏ.சி.இ.ஏ. சி3, ஏ.பி.ஐ. சி.கே-4 என்பது போல ஒரு தரத்தைச் சொல்லியிருக்கும். கரி எரிந்துவிடும், ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது. அது வடிகட்டியிலேயே தங்கி நாளடைவில் அடைத்துவிடும். அளவும் பெட்ரோல் காரைவிட அதிகம்: 3 லிட்டருக்குள்ளான என்ஜினுக்கு ஏறத்தாழ 7 முதல் 8 லிட்டர், பெரிய 6.7 லிட்டர் என்ஜின்களுக்கு 11 லிட்டருக்கு மேல். பழைய ஆயிலைப் பிடிக்கும் தட்டு அதற்கேற்ற கொள்ளளவில் இருக்கட்டும்.

என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வடிய விடுங்கள். போல்ட்டின் வாஷர் புதிது போடுங்கள். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். அது என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, மேலே புது வளையம் உட்கார்ந்தால், ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்தில் ஆயில் மொத்தமும் தரைக்கு வந்துவிடும். புது வளையத்தில் ஆயில் தடவி, ரப்பர் தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று போதும். ஊற்றி, ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து, ஆயில் மட்டம் காட்டும் டிப்ஸ்டிக் குச்சியைப் பாருங்கள். புது ஆயில் சீக்கிரமே கறுத்துவிடும். டீசலில் அது இயல்பு.

அடுத்து டீசல் ஃபில்டர். காமன் ரெயில் என்ஜினில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக்குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும் என்ஜினில், அழுத்தம் 2000 பார் (காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 2000 மடங்கு) வரை போகும். டீசலை என்ஜினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குள் இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எனவே ஃபில்டர் கூட்டைத் திறக்குமுன் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்தெடுங்கள். ஃபில்டரின் அடியில் தண்ணீர் தங்கும் கிண்ணமும் ஒரு திருகும் இருக்கும். கண்ணாடி ஜாடியில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் தனியாகத் தெரியும். சுத்தமான டீசல் வரும் வரை வடிய விடுங்கள். தண்ணீர் எச்சரிக்கை விளக்கு எரியும் வரை காத்திருக்கத் தேவையில்லை, ஆயில் மாற்றும்போதெல்லாம் வடித்துவிடலாம்.

புது ஃபில்டரின் நடுத்துளையில் டீசல் ஊற்றி நிரப்பிப் பொருத்துகிற பழக்கம் பழைய மெக்கானிக்குகளிடம் உண்டு. இந்த வண்டிகளில் அதைச் செய்யாதீர்கள். திருகிப் பொருத்தும் ஃபில்டர்களில் நடுத்துளைதான் பெரும்பாலும் வடிகட்டப்பட்ட பக்கம். அங்கே ஊற்றியது நேராக இன்ஜெக்டருக்குப் போகும். காலியாகவே பொருத்தி, கைப்பம்ப் இருந்தால் கெட்டியாகும் வரை அழுத்துங்கள். மின்பம்ப் வண்டியில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலையில் அரை நிமிடம் விட்டு அணைப்பதை நாலைந்து தடவை செய்யுங்கள். காற்று வெளியேறாமல் ஸ்டார்ட்டரைத் தொடர்ந்து சுற்றினால் பேட்டரியும் போகும், உயர் அழுத்தப் பம்ப்பும் டீசல் இல்லாமல் உராயும். சில வண்டிகளில் சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) ஒன்று, என்ஜினில் ஒன்று என்று இரண்டு ஃபில்டர்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு முடிந்தது என்று நினைக்கக்கூடாது. ஓடும் என்ஜினில் இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்தவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சின்னக் காயம் போலத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பள்ளிக்கூடம், கடை என்று குறுந்தூரமே ஓடும் டீசலுக்கு வேறு தொல்லை. டி.பி.எஃப். கரியை எரிக்க ஏறத்தாழ 600 டிகிரி சூடு வேண்டும். எரிந்துகொண்டிருக்கும்போது பாதியில் என்ஜினை அணைத்தால், எரிப்பதற்காகச் செலுத்திய டீசல் சிலிண்டர் சுவரோடு வழிந்து ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறிக்கொண்டே போனால் காரணம் பெரும்பாலும் இதுதான். கூடியிருக்கிறது என்று மகிழாமல் ஆயிலை மாற்றுங்கள். இடையிடையே நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஓட்டுங்கள். சில வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்ய ஆட்புளூ என்னும் திரவம் உண்டு; நீல மூடி போட்ட அந்த டேங்க்கில் போவது 32.5 சதவீத யூரியாக் கரைசல். அதை டீசல் டேங்க்கில் ஊற்றினால் பெட்ரோல் ஊற்றியதைவிட மோசம். மைனஸ் 11 டிகிரியில் அது உறையும். டேங்க்கில் சூடேற்றி இருப்பதால் பயப்பட வேண்டாம், கேனை வெளியில் வைக்காதீர்கள்.

குளிர் நாட்டில் முதல் பனிக்காலத்துக்கு முன் பேட்டரியைச் சோதியுங்கள். டீசலைச் சுற்ற அதிக கரண்ட் வேண்டும். இரண்டு பேட்டரி வண்டியில் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், பழையது புதியதை இழுத்துவிடும். கோடையில் அடித்த டீசல் டேங்க்கில் கிடந்தால் அதிலுள்ள மெழுகு குளிரில் கெட்டியாகி ஃபில்டரை அடைக்கும். குளிர்கால டீசல் வந்ததும் டேங்க்கை நிரப்புங்கள். பெட்ரோல் கலந்து இளக்கும் பழைய வழி இந்த பம்ப்களுக்கு ஆகாது.

என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தை நிறத்தைப் பார்த்து வாங்காமல் கையேட்டில் உள்ள வகையைப் பார்த்து வாங்குங்கள். குழாய்த் தண்ணீருக்குப் பதில் காய்ச்சி வடித்த நீரில் பாதிக்குப் பாதி கலந்தால் ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். ஏர் ஃபில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்யாமல் மாற்றுங்கள், கிழிசல் கண்ணுக்குத் தெரியாது. டிஃபரென்ஷியல் (சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் பல்சக்கரப் பெட்டி) ஆயில் மாற்றும்போது, புது ஆயில் ஊற்றும் துளையின் போல்ட்டை முதலில் கழற்றிப் பாருங்கள். அது துருப்பிடித்து வராமல் போய், கீழே வடித்தும் ஆகிவிட்டால் வண்டி நகராது.

பழைய ஆயிலையும் ஃபில்டரையும் மூடியுள்ள கேனில், டீசலும் கூலன்ட்டும் கலக்காமல், ஊராட்சியின் கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுங்கள். வேறு திரவம் கலந்த ஆயிலை அங்கே வாங்கமாட்டார்கள்.