கோணேசர் மலைக்குப் போகிறீர்களா? இராவணன் வெட்டில் நிற்பதற்கு முன்

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகிற நம்மவர்கள் திருகோணமலைக்கு ஒரு நாளுக்கு மேல் ஒதுக்குவதில்லை. காலையில் கோணேசர் கோயில், மத்தியானம் கன்னியா வெந்நீரூற்று, பின்னேரம் நிலாவெளி. இருட்டினதும் வான் வண்டியில் ஏறி அடுத்த ஊர். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். திரும்பி வந்து படங்களைப் பார்த்தபோது, மலை விளிம்பில் எடுத்த முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையே பன்னிரண்டு நிமிடம்தான் இருந்தது. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் நாற்பத்தியொரு படம். அப்படியென்றால் கடலை எப்போது பார்த்தேன்?

இரண்டாவது தடவை, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த மாமியோடு போனேன். இதில் உருப்படியான விஷயங்கள் பெரும்பாலும் அவர் சொன்னவை.

முதலாவது: கோட்டை வாசலில் இறங்கி நடங்கள். கோயில் இருக்கும் சுவாமி மலை பிரெட்ரிக் கோட்டைக்குள் இருக்கிறது. வானும் ஓட்டோவும் மேலே வரை போகும் என்பதால் எல்லோரும் வாசலைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்துவிடுகிறார்கள். அந்த வாசல் கல்லில் பாண்டியரின் இரட்டைக் கயல் செதுக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் சிதைந்த தமிழ் எழுத்துகள். குளக்கோட்டன் என்ற பழைய மன்னன் செய்த கோயில் திருப்பணியைப் பின்னாளில் பறங்கி, அதாவது போர்த்துக்கீசன், வந்து பிரிப்பான் என்று சொல்லும் பாட்டு அது. கோயிலை இடித்த கல்லாலேயே கட்டிய கோட்டையின் வாசலில், இடிக்கப்படும் என்று சொல்லும் கல் நிற்கிறது. மாமி அதைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நடந்தார். அங்கிருந்து மேலே பத்துப் பதினைந்து நிமிட ஏற்றம். முழங்கால் வலி உள்ளவர்களை மட்டும் ஓட்டோவில் அனுப்பிவிடுங்கள்.

கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. வாசலில் பையைத் திறந்து காட்டச் சொன்னால் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். சிப்பாய்களையும் முகாம் கட்டடங்களையும் படமெடுக்க வேண்டாம். ட்ரோன் கொண்டு போகும் எண்ணம் இருந்தால் அதை விடுதியிலேயே வைத்துவிடுங்கள். இலங்கையில் அதற்கு முன் அனுமதி வேண்டும், அதுவும் இது முகாமுள்ள இடம்.

வழியில் புள்ளிமான்கள் ஆடுபோலக் கிட்ட வரும். பிள்ளைகள் துள்ளுவார்கள், சரி. ஆனால் பிஸ்கட் பையோடு நீட்ட விடாதீர்கள். மான் பிஸ்கட்டை மட்டுமல்ல, பையையும் சேர்த்தே தின்னும்.

இனி மலையின் கதை. சம்பந்தர் 7-ஆம் நூற்றாண்டில் கோணமாமலை என்று பாடியது இதைத்தான். இராமேஸ்வரத்தில் நின்றபடியே பாடினார் என்பது மரபு. கடலுக்கு அக்கரையில் நின்று இந்த மலையை நினைத்துக்கொண்டதில் அவர் நமக்கும் முன்னோடி என்று வைத்துக்கொள்ளலாம். 1622-இல் போர்த்துக்கீசத் தளபதி கொன்ஸ்தந்தீனோ த சா கோயிலை இடித்தார். சித்திரைப் புத்தாண்டன்று சுவாமி வெளிவீதி உலா போயிருந்த நேரத்தில் பறங்கிச் சிப்பாய்கள் ஐயர் வேடத்தில் உள்ளே நுழைந்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். கற்களில் ஒரு பங்கு கோட்டைச் சுவராயிற்று, ஒரு பங்கு கடலுக்குள் போயிற்று. பிறகு 1639-இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்), 1795-இல் ஆங்கிலேயர். கோட்டைக்கு யோர்க் கோமகன் பிரெட்ரிக்கின் பெயரை வைத்தது 1803-இல்.

அந்த நூற்றாண்டுகளில் உச்சியில் கோயில் இல்லை. ஆனாலும் வழிபாடு நிற்கவில்லை. ஐயர் விளிம்பில் நின்று தீபம் காட்டி, பூவும் வெற்றிலையும் தேங்காயும் கடலுக்குப் போடுவார்; கோயில் கீழே கிடக்கிறது, ஆகவே பூசையும் கீழே போகிறது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கே இருந்த ஆங்கிலேயர்கள் இதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். 1950-இல் கிணறு தோண்டும்போது சோமாஸ்கந்தர் உள்ளிட்ட செப்புத் திருமேனிகள் கிடைத்தன. 1956-இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் மலையடியில் மூழ்கி, பாசி படர்ந்த தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டார்கள். இன்றைய கோயிலின் குடமுழுக்கு 1963-இல் நடந்தது. அதனால் கோபுரத்தைப் பார்த்து, "என்ன, புதுக் கோயில் மாதிரி இருக்கே" என்று பிள்ளைகள் கேட்டால் கோபப்படாதீர்கள். பழைய கோயில் தண்ணீருக்குள் இருக்கிறது என்று விளிம்பைக் காட்டிச் சொல்லுங்கள். தள்ளி நின்று காட்டுங்கள்.

ஏனென்றால் அந்த விளிம்பு விளையாட்டல்ல. கடலிலிருந்து முந்நூறு அடிக்கு மேல் செங்குத்தாக எழும்பிய பாறை. அதில் மேலிருந்து கீழே ஒரு பிளவு. அதுதான் இராவணன் வெட்டு. தாய்க்காக மலையைப் பெயர்க்கப் பார்த்த இராவணனின் வாள் விழுந்த இடம் என்பது கதை. அவ்விடத்தில் தடுப்புகள் போட்டிருக்கிறார்கள். நான் அதில் முழங்கையை ஊன்றிக்கொண்டு படமெடுக்கக் குனிந்தேன். மாமி என் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தார்.

"கம்பியில சாயாத தம்பி. அதுவும் உப்புக்காத்து குடிச்சுத்தான் நிக்குது."

கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். பெயின்ற் கொப்பளித்து, விரலில் துரு ஒட்டியது. கடலோரத்தில் இரும்பின் ஆயுள் குறைவு என்பது நமக்குத் தெரியும். ஆனால் சுற்றுலாப் போகும்போது தடுப்பைக் கண்டதும் அதைக் கைப்பிடி என்று நினைத்துவிடுகிறோம். அது இதற்கு மேல் போகாதே என்று போட்ட கோடு. சாய்வதற்கோ பிள்ளையைத் தூக்கி உட்கார்த்துவதற்கோ அல்ல. தாண்டி ஓர் அடி போய் நின்றால் படம் நன்றாக வரும் என்று யாராவது சொன்னால், அவரையே போகச் சொல்லுங்கள், போகமாட்டார்.

அப்புறம் கால். கோயில் என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பீர்கள். உடைத்த தேங்காயின் இளநீர், விளக்கெண்ணெய், கடலின் ஈரம் எல்லாம் சேர்ந்தால் கல் கண்ணாடி மாதிரி வழுக்கும். மத்தியானம் அதே கல் தோசைக்கல். சூடு தாங்காமல் பிள்ளைகள் ஓடுவார்கள். ஓடுகிற பிள்ளைக்கு விளிம்பு தெரியாது. சூட்டுக்குப் பயந்து சொக்ஸ் போட்டு விடுகிறவர்களும் உண்டு. அது இன்னும் மோசம், வழுவழுத்த கல்லில் சொக்ஸ் சறுக்கும். விடியப் போவதுதான் ஒரே வழி. மலை கிழக்கே பார்த்தது, சூரியன் நேரே கடலிலிருந்து எழும்பும், கல்லும் குளிர்ந்திருக்கும். உச்சிப் பூசைக்குப் பிறகு நடை சாத்துவார்கள் என்பதால் நேரத்தை முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். சிவராத்திரி நாட்களில் சனம் அலைமோதும். கைக்குழந்தையோடு போகிறவர்கள் அந்த நாட்களில் கோயிலோடு நிற்பது நல்லது, விளிம்புப் பக்கம் வேண்டாம்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் என்கிற தென்மேல் காற்று. கிழக்கில் அது சூடாக, வறண்டு, திடீர் திடீரென்று அடிக்கும். தரையிலிருந்து வருவதால் நம் முதுகைக் கடல் பக்கம் தள்ளுகிற காற்று அது. தொப்பியோ துப்பட்டாவோ பறந்தால் எட்டிப் பிடிக்கப் போகாதீர்கள், போனது போகட்டும். ஐப்பசி முதல் தை வரை வாடையும் மழையும். கடல் கொந்தளிக்கும், பாறை ஈரமாகவே இருக்கும். மலையைக் கடலிலிருந்து பார்க்கப் படகேறுவதென்றால் கச்சான் காலத்தில், உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டு. அந்த மாதங்களில் விளிம்பிலிருந்தே நீலத் திமிங்கலம் தென்படுவதுண்டு. கரைக்குக் கிட்டவே கடல் சட்டென்று ஆழமாவதால் அவை இவ்வளவு பக்கத்தில் வருகின்றன. கடல் நடுவில் வெள்ளைப் புகைபோல் ஒரு மூச்சு எழும்பும், அவ்வளவுதான். அதைக் காண அரை மணி நேரமாவது சும்மா உட்கார வேண்டும். என் நாற்பத்தியொரு படங்களில் ஒன்றிலும் அது இல்லை.

குரங்குகள் தனி. விளிம்புக்குக் கிட்ட நின்று மூக்குக்கண்ணாடியையோ வாழைப்பழத்தையோ அதோடு இழுபறிப்படாதீர்கள்.

இந்த இடத்துக்குக் காதலர் பாய்ச்சல் என்று இன்னொரு பெயரும் உண்டு. வழிகாட்டிகள் விரும்பிச் சொல்லும் கதை: பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்தப் பெண், காதலன் கப்பலேறிப் போவதைப் பார்த்து இங்கிருந்து குதித்தாளாம். ஆதாரமாக 1687 என்று ஆண்டு பொறித்த ஒரு பழைய தூணைக் காட்டுவார்கள். தூண் உண்மை, பெயரும் உண்மை. ஆனால் பிரான்சினா குதிக்கவில்லை. அதற்குப் பிறகும் வாழ்ந்து, திருமணமும் செய்துகொண்டார் என்று ஒல்லாந்த ஆவணங்களே சொல்கின்றன. அவரை மகளாக வளர்த்த ஹென்றிக் வான் ரீட், மலையாள நாட்டுச் செடிகொடிகளைப் பற்றி ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் என்ற பெருநூலைத் தொகுத்தவர். இளம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் பொய்க் கதையை விட்டு இதைச் சொல்லுங்கள். மலையிலிருந்து குதிப்பது காதலுக்கு அழகு என்று ஒரு பிள்ளையின் மனதில் விழ வேண்டாம். யாராவது தனியே, விளிம்பில், வெகுநேரம் சோர்ந்து உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் போய்க் கதை கொடுங்கள். "சாப்பிட்டாச்சோ" என்றாவது கேளுங்கள். கோயில் ஆட்களையும் கூப்பிடுங்கள். மனநல உதவிக்கு 1926, அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119. உள்ளூர் சிம் வாங்கியதும் இந்த மூன்றையும் பதிந்துகொள்ளுங்கள்.

இறங்கும்போது மாமி திரும்பக் கோட்டை வாசலில் நின்றார். கயல் மீன்களைப் படமெடுக்கச் சொன்னார். எடுத்தேன், ஒரே ஒரு படம். பின்னால் வந்த வான் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டே நின்றது. உள்ளே இருந்தவர்களுக்கு நாங்கள் எதைப் பார்க்கிறோம் என்று தெரியவில்லை.