தொடக்கப் பிட்சரை எப்போது மாற்றுவது?

பேஸ்பாலில் ஆட்டத்தை விட்டு எடுத்த பிட்சர் (பந்து வீசுபவர்) அந்த ஆட்டத்துக்குத் திரும்ப வர முடியாது. கிரிக்கெட்டில் போல நாலு ஓவர் ஓய்வு கொடுத்து மறுபடி பந்தைக் கொடுக்கும் வசதி இல்லை. ரிலீவரும், அதாவது மாற்றுப் பிட்சரும், எழுந்தவுடன் வீசிவிட மாட்டார். புல்பென் என்ற பயிற்சி இடத்தில் இருபது பந்தாவது வீசி உடம்பைச் சூடாக்க வேண்டும். ஆகவே மேனேஜர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, புல்பென்னுக்கு எப்போது போன் போடுவது என்பதைத்தான். இரண்டாவது வாக் (நான்கு தவறான பந்துக்குப் பேட்டர் பெறும் இலவச முதல் பேஸ்) விழுந்த பிறகு போட்டால் காலம் கடந்துவிட்டது.

ஆட்டத்துக்கு முன்பே எதிரணியின் வரிசையில் 19ஆவது பேட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்பது பேர் இரண்டு முறை வந்தால் 18. அடுத்தவரோடு மூன்றாம் சுற்று தொடங்குகிறது. அணியின் சிறந்த பேட்டர்கள் வரிசையின் மேலேதான் இருப்பார்கள். அதற்குள் பிட்சரின் ஸ்லைடர் (பக்கவாட்டில் திரும்பும் பந்து) எங்கே திரும்புகிறது என்று கண்டுகொண்டிருப்பார்கள். இரண்டே வகைப் பந்து வைத்திருப்பவருக்கு இந்தச் சுற்று மிகவும் ஆபத்து. நான்கு வகை இருந்து, ஒன்றை இதுவரை காட்டாமல் வைத்திருப்பவரை இன்னும் கொஞ்சம் நம்பலாம்.

நூறு பந்து என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள். ஆள் ஏறாத ஆறு இன்னிங்ஸில் வீசிய 90 பந்தைவிட, பேஸில் ஆளை வைத்துக்கொண்டு ஒரே இன்னிங்ஸில் வீசும் 30 பந்து கையை அதிகம் வாட்டக்கூடும். ஓர் இன்னிங்ஸ் 25 பந்தைத் தாண்டினால் ஒருவரை எழுப்பிவிடுங்கள்.

களைப்பு ஸ்கோர்போர்டில் தெரிவதற்கு முன், பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சரின் கையுறையில் தெரியும். தாழ்வாகக் கேட்ட பந்து மார்பு உயரத்துக்கு வரும். ஃபாஸ்ட்பால் வேகம் மணிக்கு ஒன்றிரண்டு மைல் குறையும், பந்தை விடும் கை இறங்கும். அவுட் ஆனாலும் பந்துகள் பலமாக அடிபடும். தோளையோ முழங்கையையோ உதறினால் கணக்கே வேண்டாம், உடனே எடுத்துவிடுங்கள்.

பிட்சர் நின்று வீசும் மேடான மவுண்டுக்குப் போய் அவரிடம் பேசுவதிலும் கணக்கு உண்டு. அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக்கில் ஒரே இன்னிங்ஸில் அதே பிட்சரிடம் இரண்டாம் முறை போனால் அவரை எடுத்தே ஆக வேண்டும். 2024 முதல் ஒன்பது இன்னிங்ஸுக்கு மொத்தம் நான்கு முறைதான். நேரம் வாங்குவதற்குப் பிட்சிங் கோச்சை அனுப்புங்கள். முடிவு எடுத்த பிறகே நீங்கள் நடங்கள். "இன்னும் முடியுமா?" என்று பிட்சரிடம் கேட்க வேண்டாம். எந்தப் போட்டியாளரும் "முடியும்" என்றுதான் சொல்வார். 2003 அமெரிக்கன் லீக் சாம்பியன்ஷிப்பின் ஏழாம் ஆட்டத்தில், எட்டாவது இன்னிங்ஸ், பாஸ்டன் 5-3 முன்னிலை. பாஸ்டன் மேனேஜர் கிரேடி லிட்டில் மவுண்டுக்குப் போய், தொடக்கப் பிட்சர் பெத்ரோ மார்ட்டினஸை விட்டுவிட்டுத் திரும்பினார். அடுத்தடுத்து இரண்டு டபுள் (பேட்டர் இரண்டாம் பேஸ் வரை போகும் அடி), 5-5. பதினோராவது இன்னிங்ஸில் எதிரணியான யாங்கீஸ் வென்றது.

சீக்கிரம் எடுப்பதும் தப்பாகும். 2020 உலகத் தொடரின் ஆறாம் ஆட்டத்தில் டாம்பா பே 1-0 முன்னிலை. அதன் தொடக்கப் பிட்சர் பிளேக் ஸ்னெல் 73 பந்தில் ஒன்பது ஸ்ட்ரைக் அவுட் எடுத்து, இரண்டே ஹிட் கொடுத்திருந்தார். மூன்றாம் சுற்று வருகிறதென்று மேனேஜர் கெவின் கேஷ் அவரை எடுத்தார். அடுத்து வந்த மூன்று பேட்டர்களும் ஸ்னெல்லிடம் இருமுறையும் ஸ்ட்ரைக் அவுட் ஆனவர்கள். உள்ளே வந்த ரிலீவர் நிக் ஆண்டர்சனோ முந்தைய ஆட்டங்களிலும் ரன் கொடுத்தவர். எதிரணியான டாட்ஜர்ஸ் 3-1 என்று வென்றது. இன்று இவர் வீசுவதைவிட வரப்போகிறவர் நன்றாக வீசுவாரா என்பதே கேள்வி. 2020 விதிப்படி ரிலீவர் மூன்று பேட்டரையாவது சந்திக்க வேண்டும், அல்லது அந்த அரை இன்னிங்ஸை (ஓர் அணியின் பேட்டிங் முறையை) முடிக்க வேண்டும். ஆகவே ஒருவரை மட்டும் மனதில் வைத்து அழைக்காமல் அடுத்த மூவரையும் பாருங்கள்.

சிறுவர் ஆட்டத்தில் இந்தச் சாமர்த்தியம் எதுவும் கூடாது. சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கில் 11, 12 வயதுக்கு ஒரு நாளில் 85 பந்து, 9, 10 வயதுக்கு 75. அந்த வயதில் 66 அல்லது அதற்கு மேல் வீசினால் நான்கு நாள் ஓய்வு கட்டாயம்.