பக்கவாதத்திற்குப் பின் கண்-கைப் பயிற்சி: ஒளிப்பலகையை முதன்முதலாகப் பயன்படுத்துவோருக்கான செய்முறை

பக்கவாதத்திற்குப் பின் கை ஓரளவு அசையத் தொடங்கிய பிறகும், கண் பார்த்த இடத்திற்குக் கை நேராகப் போய்ச் சேர்வதில்லை. பார்ப்பது, தூரத்தைக் கணிப்பது, நீட்டுவது, வழியிலேயே பிழையைத் திருத்துவது ஆகிய நான்கையும் சேர்த்துப் பழக்கவே ஒளிப்பலகை, தொடுதிரை, அசைவைப் படிக்கும் கேமரா முதலிய கருவிகள் பயன்படுகின்றன. அவற்றுள் எளிமையான ஒளிப்பலகையை, அதாவது விளக்கு எரியும் இடத்தைத் தொட்டால் அது அணைந்து வேறோர் இடத்தில் எரியும் பலகையை, புதிய பிசியோதெரபிஸ்டுகளுக்காக இங்கே விளக்குகிறேன்.

இக்கருவியின் உண்மையான பலம், சலிப்பில்லாமல் பலமுறை செய்ய வைப்பதுதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் சிகிச்சை அமர்வுகளைக் கவனித்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், பாதிக்கப்பட்ட கையால் செய்யப்பட்ட பயனுள்ள அசைவுகள் ஓர் அமர்வுக்குச் சராசரியாக 32 மட்டுமே. அதே நேரத்தில், மெய்நிகர் பயிற்சியை, அதாவது கணினி உருவாக்கும் காட்சிகளோடு செய்யும் பயிற்சியைப் பற்றிப் பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்த, காக்ரேன் அமைப்பின் 2017ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, அது வழக்கமான சிகிச்சையைவிடச் சிறந்தது என்று காட்டவில்லை. வழக்கமான சிகிச்சையோடு கூடுதலாகச் சேர்த்தபோதுதான் கையின் செயல்பாட்டில் பயன் தெரிந்தது. ஆகவே ஒளிப்பலகையையும் வழக்கமான சிகிச்சையின் நேரத்தை வெட்டிக்கொண்டு பயன்படுத்தக் கூடாது என்பது என் கருத்து.

முதற்படி: பரிசோதனை

மருத்துவரின் அனுமதி, இரத்த அழுத்தம், தோள்வலி, தோள்மூட்டு இறக்கம் (மேற்கை எலும்பு மூட்டுக் குழியிலிருந்து சற்று இறங்கியிருப்பது), வலிப்பு வரலாறு ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, நோயாளிக்கு ஒரு பக்கப் பார்வை இழப்பா, ஒரு பக்கப் புறக்கணிப்பா என்று பிரித்தறிவது அவசியம். பார்வைப் புலம் (கண்ணுக்குத் தெரியும் பரப்பு) மட்டும் குறைந்தவர் பெரும்பாலும் குறையை உணர்ந்து தலையைத் திருப்பிப் பார்ப்பார். புறக்கணிப்பு உள்ளவருக்கோ அந்தப் பக்கம் ஒன்று இருப்பதே மனத்தில் படாது. மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களிடம் இடப்பக்கப் புறக்கணிப்பு அதிகம் காணப்படுகிறது. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு.

இரண்டாம் படி: அமரும் நிலையும் அமைப்பும்

முதுகுச் சாய்வுள்ள நாற்காலியில், பாதங்கள் தரையில் முழுமையாகப் பதியுமாறு அமர்த்துங்கள். முதல் இலக்குகள் தோள் உயரத்திற்குக் கீழே, கை எளிதில் எட்டும் தூரத்திற்குள் இருக்கட்டும். புறக்கணிப்பு உள்ளவருக்கு உடலின் நடுக்கோட்டில் தொடங்கி, இலக்குகளைச் சிறிது சிறிதாகப் பாதிக்கப்பட்ட பக்கம் நகர்த்துங்கள். பலகையின் அந்த ஓரத்தில் பளிச்சென்ற நிறப்பட்டை ஒன்றை ஒட்டி, ஒவ்வொரு முறையும் அதைக் கண்டுபிடித்த பிறகே தொடங்கச் சொல்லலாம்.

மூன்றாம் படி: கையின் பாதையைக் கவனித்தல்

புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். பலகை தொட்டதை மட்டுமே எண்ணும். எப்படித் தொட்டார் என்பது அதற்குத் தெரியாது. முழங்கையை நீட்டாமல் நடுவுடலை முன்னால் சாய்த்தும், தோளைக் காதருகே உயர்த்தியும் நோயாளி மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டே போக முடியும். அப்படிச் செய்தால் அந்தத் தவறான அசைவே பழகிப்போகும். எனவே பலகையைப் பார்க்காமல் நோயாளியின் பக்கவாட்டில் நின்று தோள், முழங்கை, முதுகு ஆகியவற்றைப் பாருங்கள். முதுகு சாய்வை விட்டு விலகினால் இலக்கை அருகே கொண்டுவாருங்கள். தேவைப்பட்டால் மார்பின் குறுக்கே மென்பட்டை கட்டி நடுவுடலை நாற்காலியோடு நிறுத்தலாம்.

நான்காம் படி: கடினத்தைக் கூட்டுதல்

பத்தில் ஏழெட்டு முறை ஒழுங்காகத் தொட முடிந்த பிறகு தூரம், பரப்பு, வேகம் ஆகியவற்றுள் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வேகத்தைக் கடைசியாக வைத்துக்கொள்வதே நல்லது, ஏனெனில் அவசரப்படுத்தினால் விறைப்பு கூடி விரல்கள் மடங்கிவிடும். ஓரிரு நிமிடப் பயிற்சிக்குப் பின் ஓய்வு கொடுங்கள். தலைச்சுற்றல், தலைவலி, இரட்டைப் பார்வை, தோள்வலி ஆகியவற்றில் எது வந்தாலும் நிறுத்துங்கள். புதிதாக வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, கை மேலும் தளர்ந்தாலோ உடனடியாக அவசர சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும்.

ஐந்தாம் படி: அன்றாடச் செயலுக்கு மாற்றுதல்

விளக்குகளை அணைத்தவுடன், அதே உயரத்திலும் தூரத்திலும் ஒரு குவளையை வைத்து எடுக்கச் சொல்லுங்கள். முன்னேற்றத்தைப் பலகையின் மதிப்பெண்ணால் அளக்காமல், ஒரு நிமிடத்தில் எத்தனை மரக்கட்டைகளை ஒரு பெட்டிப் பகுதியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுகிறார் என்று எண்ணும் பெட்டி-கட்டைச் சோதனையால் குறிப்பிட்ட இடைவெளிகளில் அளந்து எழுதிவையுங்கள். பலகையில் எண்ணிக்கை ஏறியும் கட்டைகளின் எண்ணிக்கை அசையாமல் நின்றால், நோயாளி பலகையை மட்டுமே பழகியிருக்கிறார். அப்போது இலக்குகளின் இடத்தை மாற்றி, பொருள்களைப் பிடித்து விடும் பயிற்சிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்.