கழியொலியில் எது கூடினால் எது குறையும்: ஸ்கேன் படிக்கத் தொடங்குவோருக்கு

கொழும்பில் கழியொலி (அல்ட்ராசவுண்ட்) ஸ்கேன் பயிற்சிக்குச் சேரும் தம்பி தங்கைகள் பௌதிகவியல் பகுதியை மனப்பாடம் செய்தே கடக்கப் பார்க்கிறார்கள். தேவையில்லை. ஒரு கொப்பி எடுங்கள். கல்குலேட்டர் வேண்டாம், உயர்தரப் பரீட்சையில் அது இல்லாமல்தானே கணக்குச் செய்தோம்? விகிதம் கைக்குப் பழக அதுதான் நல்ல வழி.

முதலில் எழுதுங்கள்: கதி = மீடிறன் × அலைநீளம். உடனே கதியைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுங்கள். மென்னிழையத்துக்கு அது செக்கனுக்கு 1540 மீற்றர் என்று வைத்துத்தான் ஸ்கேன் மெஷின் ஆழத்தைக் கணிக்கிறது.

நான் அதிக நேரம் நின்ற இடம் இந்த வட்டம்தான். மீடிறன் கூடினால் கதியும் கூடும் என்று சமன்பாடு சொல்வது போலத் தெரியும். அப்படியில்லை. கதியைத் தீர்மானிப்பது ஊடகத்தின் விறைப்பும் அடர்த்தியும். கொழுப்பில் ஏறத்தாழ 1450. என்பில் 3000ஐத் தாண்டும். அடர்த்தி கூடினால் கதி குறைய வேண்டுமே என்று கேட்கலாம். என்பின் அடர்த்தியைவிட விறைப்பு பல மடங்கு கூடுவதால் அங்கே விறைப்பே வெல்கிறது. ஆக, மென்னிழையத்துக்குள் நீங்கள் மீடிறனை மாற்றினால் மாறுவது அலைநீளம் மட்டும். 5 மெகாஹேர்ட்ஸில் 0.31 மில்லிமீற்றர், 10இல் அதன் அரைவாசி. அலைநீளம் குறையக் குறைய நுணுக்கமான விவரம் தெரியும்.

அப்புறம் தேய்வு, அதாவது இழையத்துக்குள் போகப் போக ஒலி பலவீனமாவது. இது மீடிறனுக்கும் பாதைக்கும் நேர்விகிதசமன்: ஒரு மெகாஹேர்ட்ஸுக்கு, ஒரு சென்ரிமீற்றருக்குச் சுமார் 0.5 டெசிபெல். 4 சென்ரிமீற்றர் ஆழம், 5 மெகாஹேர்ட்ஸ் என்றால் போகும்போது 10, திரும்பும்போது இன்னொரு 10. ஒவ்வொரு 10 டெசிபெலுக்கும் செறிவு பத்தில் ஒரு பங்காகக் குறையும்; ஆக, இழையத்தில் தேய்வதை மட்டும் பார்த்தாலே செறிவு நூறில் ஒரு பங்காகிவிடும். மீடிறனை 10 ஆக்கினால் மொத்தம் 40 டெசிபெல், பத்தாயிரத்தில் ஒரு பங்கு! தோலுக்கு அருகிலுள்ள தைரொய்டுக்கு உயர் மீடிறன் புரோபும் (உடலில் வைக்கும் கருவி) ஆழத்திலுள்ள ஈரலுக்குக் குறைந்த மீடிறன் புரோபும் எடுப்பது இதனால்தான்.

நேரக் கணக்கு சுலபம். ஒவ்வொரு சென்ரிமீற்றர் ஆழத்துக்கும் எதிரொலி திரும்ப 13 மைக்ரோசெக்கன். ஆழம் இரட்டித்தால் காத்திருப்பும் இரட்டிக்கும், செக்கனுக்கு அனுப்பக்கூடிய துடிப்புகள் பாதியாகும்.

பின்சேர்க்கை: வாசித்த ஒரு தங்கை, "20 டெசிபெல் குறைந்தால் வீச்சமும் நூறில் ஒரு பங்கா அண்ணா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை, பத்தில் ஒரு பங்கு. செறிவு வீச்சத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமன். கேள்வியில் எது கேட்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துக் கோடிட்டுவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.