சீரியல் கேபிளில் எதுவும் வரவில்லையா? முதலில் 2-ஆம் பின்னையும் 3-ஆம் பின்னையும் சேருங்கள்

கேபிளை மாற்றி மாற்றிச் செருகிப் பார்ப்பதில்தான் பாதி நாள் போய்விடுகிறது. அதற்கு முன்னால் பிரச்சினை கணினியிலா, கேபிளிலா, எதிர்ப்பக்கக் கருவியிலா என்று பிரித்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கணினியின் 9 பின் போர்ட்டில் 2-ஐயும் 3-ஐயும் ஒரு சிறு கம்பியால் இணையுங்கள். டெர்மினல் மென்பொருளில் (சீரியல் போர்ட் வழியாக எழுத்துகளை அனுப்பி, வருவதைக் காட்டும் மென்பொருள்) ஃப்ளோ கன்ட்ரோலை, அதாவது 'அனுப்பு, நிறுத்து' என்று இரு பக்கமும் சைகை காட்டும் ஏற்பாட்டை, அணைத்துவிட்டு ஏதாவது தட்டினால், தட்டிய எழுத்து திரும்பி வர வேண்டும். கம்பியை எடுத்ததும் நின்றுவிட வேண்டும்; நிற்கவில்லை என்றால் லோக்கல் எக்கோதான், அதாவது தட்டியதை மென்பொருளே திரையில் காட்டுவதுதான், உங்களை ஏமாற்றுகிறது. சரி, இது தேறிவிட்டால் கேபிளை மாட்டி, அதன் மறுமுனையில் இதையே செய்யுங்கள். ஆனால் ஒன்று, 5-ஆம் பின்னில் வரும் கிரவுண்ட் அறுந்திருந்தாலும் இந்தச் சோதனை தேறிவிடும், அதனால் அந்த ஒயரை மட்டும் மல்டிமீட்டரில் தனியாகப் பாருங்கள்.

அடுத்தது நேர் கேபிளா (2-க்கு 2, 3-க்கு 3), கிராஸ் கேபிளா (2-உம் 3-உம் இடம் மாறியது) என்ற கேள்வி. ஊகிக்கவே வேண்டாம், மீட்டரே சொல்லிவிடும். கேபிள் இல்லாமல், இரண்டு கருவிகளையும் ஆன் செய்து, கறுப்பு முனையை 5-இல் வைத்து 2-ஐயும் 3-ஐயும் அளந்து பாருங்கள். சும்மா இருக்கும்போது அனுப்பும் பின்னில் மைனஸ் வோல்ட் இருக்கும், பெரும்பாலும் -5 முதல் -12 வரை. வாங்கும் பின்னில் கிட்டத்தட்ட பூஜ்யம். கணினியில் அனுப்புவது 3. எதிர்ப்பக்கமும் 3-இல் மைனஸ் காட்டினால் கிராஸ் கேபிள், 2-இல் காட்டினால் நேர் கேபிள். மைனஸே இல்லாமல் பிளஸ் 3.3 அல்லது 5 வோல்ட் நிலையாக நின்றால் அது டிடிஎல், அதாவது மைனஸ் இல்லாத குறைந்த வோல்ட் சிக்னல், தயவுசெய்து நேரடியாக இணைக்காதீர்கள், சிப் எரிந்துபோகலாம். நடுவில் மேக்ஸ்3232 போன்ற, வோல்ட் அளவை மாற்றித் தரும் லெவல் கன்வெர்ட்டர் வேண்டும்.

ஏதோ வருகிறது, ஆனால் குப்பையாக வருகிறது என்றால் ஒயரை விடுங்கள், பாட் ரேட்டை, அதாவது அனுப்பும் வேகத்தை, பாருங்கள்; இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். 9600, 8 பிட், பாரிட்டி (பிழை கண்டுபிடிக்கச் சேர்க்கும் பிட்) இல்லை, 1 ஸ்டாப் பிட் என்று தொடங்கலாம். சில எழுத்து சரியாகவும் சில தப்பாகவும் வந்தால் பாரிட்டியைச் சந்தேகியுங்கள்.

அப்புறம், கருவியிலிருந்து வருவது தெரிகிறது, நீங்கள் அனுப்புவது மட்டும் போகவில்லையா? தனி ஒயர்களில் சைகை கேட்கும் ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோல் ஆனில் இருந்து, 3 ஒயர் மட்டுமே உள்ள கேபிளைப் போட்டிருப்பீர்கள். அதை அணையுங்கள், அணைக்க முடியாத மென்பொருள் என்றால் கணினிப் பக்கக் கனெக்டரில் 7-ஐயும் 8-ஐயும் இணைத்துவிடுங்கள்.