பன்னிரண்டு நாளில் நான்கு நகரங்கள்: முதுகுப்பைப் பயணத்தைத் திட்டமிடும் முறை

பத்து நாளில் ஏழு ஐரோப்பிய நகரங்கள் என்று எழுதிய தாள் ஒன்றைச் சிங்கப்பூரின் தேக்கா நிலையத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது என் அக்கா மகன் நீட்டினான். நகரங்களின் பெயர்களுக்குப் பக்கத்தில் எந்த எண்ணும் இல்லை. "ஒவ்வொரு ஊரிலும் எத்தனை இரவு?" என்று கேட்டேன். "அதெல்லாம் போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம் மாமா" என்றான். மூன்று மாதம் கையில் வைத்திருப்பவர் அப்படிச் சொல்லலாம். எண்ணி எடுத்த விடுப்பில் பல நகரங்களைப் பார்க்க நினைப்பவருக்கு அந்தச் சொகுசு கிடையாது.

நகரம் மாறும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அரைப் பகல் கரைந்துவிடும். காலையில் பையைக் கட்டி, படுக்கை விரிப்பை ஒப்படைத்து, ரயில் நிலையத்துக்கு நடந்து, நான்கு மணி நேரம் ரயிலில் அமர்ந்து, இறங்கிய ஊரில் டிராம் எந்தத் திசையில் போகிறது என்று புரிந்துகொண்டு ஹாஸ்டல் வாசலை அடையும்போது பிற்பகல் மூன்று மணி ஆகியிருக்கும். ஏழு நகரங்களுக்கு ஆறு மாற்றங்கள் என்றால் மூன்று பகல்கள் போய்விட்டன. சிங்கப்பூர் நேரத்துக்கும் மத்திய ஐரோப்பிய நேரத்துக்கும் இடையே கோடையில் ஆறு மணி நேரமும் குளிர்காலத்தில் ஏழு மணி நேரமும் வித்தியாசம் உண்டு. முதல் நாள் மாலை ஏழு மணிக்கே உடல் நள்ளிரவைக் கடந்ததாக எண்ணிக் கண் சொருகும் என்பதால் அந்த நாளையும் பாதியாகவே கணக்கிட வேண்டும். புறப்படும் நாளையும் பாதி கழித்தால் ஏழு நகரங்களுக்கு ஆறு பகல்களே மிஞ்சுகின்றன.

ஆகவே தாளில் முதலில் எழுத வேண்டியவை இரவுகள். அதிகம் பார்க்க விரும்பும் நகரத்துக்கு மூன்று, மற்றவற்றுக்கு இரண்டு, ஓர் இரவு மட்டும் என்றால் அந்த நகரத்தையே விட்டுவிடுவது என்பது நான் கைக்கொள்ளும் கணக்கு. அதன்படி அவனுடைய பட்டியல் பெர்லினில் இரண்டு, பிராக்கில் மூன்று, வியன்னாவில் இரண்டு, புடாபெஸ்டில் மூன்று எனப் பத்து இரவுகளாகச் சுருங்கியது. பாரிஸையும் ரோமையும் அடித்தபோது அவன் முகம் வாடியது உண்மைதான். ஆனால் இந்த நான்கும் வரைபடத்தில் வடக்கிலிருந்து தென்கிழக்காக ஒரே தடத்தில் அமைந்திருக்கின்றன. எந்த இடத்திலும் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. விமானச்சீட்டையும் அதே போக்கில் எடுக்க வேண்டும். போவதும் வருவதும் பெர்லின் வழியே என்று வாங்கினால், புடாபெஸ்டிலிருந்து பெர்லினுக்குத் திரும்புவதற்கே ஒரு முழுப் பகல் செலவாகும். தேடும்போது 'பல நகரங்கள்' என்ற தெரிவின் கீழ் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து பெர்லின், புடாபெஸ்டிலிருந்து சாங்கி என்று இட்டுப் பாருங்கள்; இஸ்தான்புல் போன்ற ஒரே இடைநிலையம் வழியாகச் செல்லும் நிறுவனங்களில் இதன் விலை சாதாரண இருவழிச் சீட்டிலிருந்து அதிகம் விலகாமல் கிடைப்பதுண்டு.

கிழமைகளைப் பங்கிடுதல்

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து இரவில் புறப்பட்டால் சனிக்கிழமை பெர்லினில் இறங்கலாம். பத்து இரவுகள் முடிந்து செவ்வாய்க்கிழமை கிளம்பினால் புதன்கிழமை சிங்கப்பூர். இதற்கு எட்டு நாள் விடுப்பு போதும். இடையில் ஒரு பொது விடுமுறை விழுந்தால் ஏழு. விசாக தினம் பெரும்பாலும் மே மாதத்தில் வருவதால் அது நல்ல தருணம். வெயிலும் கடுமையாக இராது. மே 1ஆம் தேதியை மட்டும் நம்பாதீர்கள். அன்று நமக்கு விடுமுறை என்பதுபோல் இந்த நான்கு நாடுகளிலும் விடுமுறை, செக்கைத் தவிர மற்ற மூன்றில் பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். மே 8ஆம் தேதி செக் நாட்டில் மட்டும் விடுமுறை. செப்டம்பரும் ஏற்ற மாதமே. டிசம்பர் பள்ளி விடுமுறையில் செல்வோர், பெர்லினில் அப்போது மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதை அறிந்து செல்ல வேண்டும். ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும் ஊர் அது. வேகமாகச் சுற்றுபவருக்கு வெளிச்சமும் ஒரு வரவுசெலவுதான்.

எந்தக் கிழமை எந்த நகரத்தில் விழுகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஆறு மணிக்கு மேல் போனாலும் முஸ்தபா பேரங்காடியில் எல்லாம் கிடைக்கும் என்று வளர்ந்த நமக்கு, ஞாயிற்றுக்கிழமை பேரங்காடிகள் பூட்டிக்கிடக்கும் பெருநகரம் வியப்பாகவே இருக்கும். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் அதுதான் வழக்கம். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் மட்டும் விதிவிலக்கு. எனவே பெர்லினில் ஞாயிற்றுக்கிழமையைத் திறந்தவெளிக்கு ஒதுக்கலாம்: பெர்னாவர் தெருவில் எஞ்சி நிற்கும் சுவரின் பகுதிகள், அருகிலுள்ள மவுவர்பார்க் ஞாயிறு சந்தை. நாடாளுமன்றக் கட்டடத்தின் கண்ணாடிக் கூரையில் ஏறக் கட்டணம் இல்லை, ஆனால் முன்பதிவு வேண்டும். பெர்காமன் அருங்காட்சியகத்தைப் பழைய பயணக் குறிப்புகளில் படித்துவிட்டுப் போகாதீர்கள். புதுப்பிப்புப் பணிக்காக 2023 அக்டோபரில் அதை மூடிவிட்டார்கள்.

வியாழக்கிழமை வியன்னாவில் விழுவது தற்செயல் இல்லை. அங்குள்ள கலை வரலாற்று அருங்காட்சியகம் வியாழன்களில் இரவு ஒன்பது மணி வரை திறந்திருப்பதால், பிற்பகலில் வந்து இறங்குபவருக்கும் ஒரு முழுமையான மாலை கிடைக்கிறது. வெள்ளிக்கிழமை ஷோன்பிரன் அரண்மனைக்கு நேரம் குறித்த நுழைவுச்சீட்டை முன்கூட்டியே வாங்கலாம். வியன்னா அரசு இசைநாடக அரங்கில் நின்றுகொண்டு பார்க்கும் இடங்களுக்குக் குறைந்த விலைச் சீட்டுகள் உண்டு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அங்கே நிகழ்ச்சிகள் நடைபெறுவதில்லை.

கடைசித் திங்கள் புடாபெஸ்டில். அன்று அங்குள்ள அருங்காட்சியகங்கள் பலவும் மூடியிருக்கும், வெந்நீர்க் குளங்கள் திறந்திருக்கும். 1913இல் திறக்கப்பட்ட செச்செனிக் குளத்துக்கு 1896இல் ஓடத் தொடங்கிய முதலாம் எண் மெட்ரோவில் செல்லலாம். சிறிய மஞ்சள் பெட்டிகள், தெருவுக்கு ஒரு மாடி ஆழத்தில் நிலையங்கள். நம் பெருவிரைவு ரயிலின் நீண்ட மின்படிகளில் பழகியவர்களுக்குப் பொம்மை ரயில் போலத் தோன்றும். ஒன்பது நாள் நடந்த கால்களுக்கு அந்த வெந்நீர் கொடுக்கும் ஆறுதலைச் சொல்லி முடியாது.

ரயில்கள்

இந்தத் தடத்தில் விமானம் தேவையில்லை. பெர்லினிலிருந்து பிராக்குக்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல், பிராக்கிலிருந்து வியன்னாவுக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம், வியன்னாவிலிருந்து புடாபெஸ்டுக்கு இரண்டே முக்கால். ரயில் நகரின் நடுவிலேயே இறக்கிவிடும். மலிவு விமானச்சீட்டில் இருக்கைக்கு அடியில் நுழையும் சிறு பையை மட்டுமே இலவசமாக அனுமதிப்பார்கள். முதுகுப்பைக்குத் தனிக் கட்டணம், விமான நிலையத்துக்குத் தனிப் பயணம் என்று சேர்த்தால் மலிவு மறைந்துவிடும்.

குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும் சலுகைச் சீட்டுகள் முன்கூட்டி வாங்குவோருக்கு மிகக் குறைந்த விலையில் கிடைக்கும். தேதி நெருங்க விலை ஏறும். ஐரோப்பாவில் வசிக்காத நமக்கு விற்கப்படும் யூரேல் பயணச்சீட்டை, மூன்று நான்கு ரயில் மட்டுமே ஏறும் இத்தகைய பயணத்துக்கு வாங்குமுன் தனிச் சீட்டுகளின் விலையைக் கூட்டி ஒப்பிட்டுப் பாருங்கள். தனிச் சீட்டுகளே பெரும்பாலும் வெல்லும். பெர்லினிலிருந்து பிராக் செல்லும் ரயிலில் இடப்பக்கச் சன்னலைக் கேட்டு வாங்குங்கள். டிரெஸ்டனைத் தாண்டியதும் எல்ப ஆறு அந்தப் பக்கத்தில்தான் கூடவே வரும். எதிர்க்கரையில் மணற்பாறைக் குன்றுகள் செங்குத்தாக நிற்கும்.

அறிவிப்புப் பலகையில் பிராக் என்ற பெயரைத் தேடி நின்றால் ரயிலைத் தவறவிடுவீர்கள். செக் மொழியில் அது பிராஹா. வியன்னா ஜெர்மன் மொழியில் வீன். நிலையத்தின் பெயரையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். புடாபெஸ்டில் கெலெட்டி, நியுகாட்டி என்ற இரண்டும் பெரிய நிலையங்கள். கெலெட்டி என்றால் கிழக்கு, நியுகாட்டி என்றால் மேற்கு. மேற்கே இருக்கும் வியன்னாவிலிருந்து வரும் விரைவு ரயில்கள் கிழக்கு நிலையத்தில்தான் நிற்கும் என்பதை எந்தத் தர்க்கத்தாலும் ஊகிக்க முடியாது.

சனிக்கிழமை காலையில் வியன்னாவை விட்டுப் புறப்பட்டால் ஒரு மணி நேரத்தில் ஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராட்டிஸ்லாவா. பகலில் பழைய நகரத்தைச் சுற்றிவிட்டு மாலை ரயிலில் புடாபெஸ்ட் சேரலாம். ஐந்தாவது நகரத்தைப் பார்த்த கணக்கும் ஆயிற்று, ஓர் இரவும் செலவாகவில்லை. பை, சுமந்துகொண்டே சுற்றும் எடையில் இருந்தால்தான் இது நடக்கும்.

எல்லையும் ஆவணங்களும்

சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்போர் ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவைப் பகிரும் ஐரோப்பிய நாடுகள்) 180 நாள்களுக்குள் 90 நாள் வரை விசா இன்றித் தங்கலாம். அக்கா மகனுடன் செல்லவிருந்த நண்பர், எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற அனுமதியில் சிங்கப்பூரில் வேலை செய்யும் இந்தியக் குடிமகன். அவருக்கு விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பு விண்ணப்பித்தாக வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. மருத்துவச் செலவுக்குக் குறைந்தது 30,000 யூரோ ஈடு தரும் பயணக் காப்புறுதியும் கட்டாயம். அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும்; சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். என் கணக்கில் செக்கும் ஹங்கேரியும் மூன்று மூன்று இரவுகளாகச் சமமாக நின்றன. குழப்பத்துக்கு இடம் வேண்டாம் என்று புடாபெஸ்டிலிருந்து ஓர் இரவை எடுத்துப் பிராக்குக்குக் கொடுக்க அவர்கள் முடிவு செய்தார்கள். அருங்காட்சியக வியாழன் கைநழுவியது. நிரந்தரவாசிகள் தங்கள் மறுநுழைவு அனுமதி காலாவதி ஆகவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் கடப்பிதழில் முத்திரை இடுவதற்குப் பதிலாகக் கைரேகையையும் முகப்படத்தையும் பதிவு செய்யும் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. இந்தப் பதிவு முதலில் இறங்கும் ஷெங்கன் விமான நிலையத்தில் நடக்கும். பிராங்பர்ட்டில் இறங்கி பெர்லின் விமானத்துக்கு மாறுவதாக இருந்தால் பிராங்பர்ட்டிலேயே வரிசையில் நிற்க வேண்டும். ஒரு மணி நேர இடைவெளி கொண்ட இணைப்புச் சீட்டை மலிவு என்று வாங்காதீர்கள்.

ஊருக்குள்

நம் ஊரில் அட்டையைத் தட்டாமல் நிலையத்துக்குள் போக முடியாது. பெர்லின், பிராக், வியன்னா மூன்றிலும் தடுப்புக் கதவுகளே இல்லை; நேராக நடந்து ரயிலில் ஏறிவிடலாம். சிக்கல் அங்கேதான். தாள் சீட்டை வாங்கினால் மட்டும் போதாது, பயணத்துக்கு முன் சிறிய முத்திரைப் பெட்டியில் செருகி நேரத்தைப் பதிக்க வேண்டும். ஒரு நகரத்தில் நான் பதிக்காத சீட்டைச் சட்டைப்பையிலிருந்து பெருமையோடு எடுத்து நீட்டினேன். சோதகர் அதன் வெற்று ஓரத்தை விரலால் தட்டிக்காட்டிவிட்டு அபராதச் சீட்டைக் கிழித்தார். தெரியாமல் செய்தது என்ற சமாதானத்தை அவர் நாளுக்கு நூறு முறை கேட்டிருப்பார் போலும்.

ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா மூன்றிலும் யூரோ. செக்கில் கொருனா, ஹங்கேரியில் போரிண்ட். இங்குள்ள நாணய மாற்றுக் கடையில் யூரோ மட்டும் சிறிதளவு வாங்கினால் போதும், மற்றவற்றுக்குப் பல நாணயங்களைத் தாங்கும் அட்டை உதவும். அங்குள்ள பணம் எடுக்கும் இயந்திரமோ கடையோ சிங்கப்பூர் வெள்ளியில் கணக்கிடலாமா என்று கேட்டால், வேண்டாம், உள்ளூர் நாணயத்திலேயே என்று தெரிவு செய்யுங்கள்; அந்த வசதியின் விலை மோசமான மாற்று விகிதத்தில் ஒளிந்திருக்கும். கழிவறைக்குக்கூடச் சில்லறை கேட்கும் நாடுகள் இவை என்பதால் நாணயங்களைச் செலவழித்துத் தீர்த்துவிடாதீர்கள்.

பை 40 லிட்டருக்கும் 7 கிலோவுக்கும் மிகாமல் இருக்கட்டும். ஐந்து நாளைக்கான துணியோடு சென்று, பிராக்கில் ஒரு மாலை துவைத்துக்கொள்ளலாம். ஹாஸ்டல் பெட்டகத்துக்குச் சொந்தப் பூட்டு, காதடைப்பான், நம் முப்பின் செருகியை இரண்டு உருண்டைப் பின்னாக மாற்றும் இணைப்பான் ஆகிய மூன்றும் மறக்கக் கூடாதவை. பவர் பேங்கைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். அம்மாக்கள் கட்டிக் கொடுக்கும் பொட்டலங்களில் பருப்புப் பொடிக்குத் தடை இல்லை. இறைச்சியும் பால்பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுவரக் கூடாதவை என்பதால் பால்கோவாவை வீட்டிலேயே வைத்துவிட வேண்டும். சைவர்கள் பட்டினி கிடக்கத் தேவையில்லை. பெர்லினில் ஃபலாஃபல் என்ற கடலை வடை மூலைக்கு மூலை கிடைக்கும், பிராக்கில் ரொட்டித்தூள் பூசிப் பொரித்த பாலாடைக்கட்டி உண்டு. புடாபெஸ்டின் லாங்கோஷ் நம் பூரியின் தடித்த உறவினர், பூண்டு தடவிச் சூடாகத் தருவார்கள்.

கடைசிச் செவ்வாயன்று புடாபெஸ்ட் நகர மையத்தின் டெயாக் சதுக்கத்திலிருந்து 100E பேருந்து நேராக விமான நிலையம் செல்லும். அதற்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். சுற்றுலாப் பயணிகள் வாங்கும் நாள் சீட்டு அதில் செல்லாது. சிங்கப்பூரில் போரிண்டை மாற்றுவது எளிதன்று என்பதால், பையில் மிஞ்சிக் கிடக்கும் ஹங்கேரியச் சில்லறையை அந்தச் சீட்டு இயந்திரத்திலேயே போட்டுவிட்டு வாருங்கள்.